பூட்டின கொக்கி

அவ ஆக்கள்ட முகத்தைப் பாத்துக் கதைக்கமாட்டா. கழுத்தைப் பாத்துத்தான் கதைப்பா. முதல் நாள் எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல. இவ என்ன, வேலைக்கு வந்து ஒரு மணித்தியாலம் ஆகல்ல, அதுக்குள்ள என்ட சங்கிலி எத்தினை பவுண் எண்டு கணக்குப் பாக்கிறாவோ எண்டு நினைச்சன். ஒரு சிரிப்பும் இல்லாம, "கொக்கி முன்னுக்கு வந்து கிடக்கு புள்ள, திருப்பி விடு" எண்டா. அதுதான் அவ எனக்குச் சொன்ன முதல் கதை.

பேரைச் சொல்லமாட்டன். அவவுக்கு அது பிடிக்காது. அவவுக்குப் பிடிக்காததைச் செய்த ஆக்கள் என்ன பாடு பட்டவங்க எண்டு நான் கண்ணால கண்டிருக்கன். அக்கா எண்டுதான் கடையில எல்லாரும் கூப்பிட்டம். எங்கட முதலாளியும் அப்பிடித்தான் கூப்பிட்டான், அவனுக்கு அவவ விட வயசு கூடயா இருந்தும்.

மட்டக்களப்பு டவுனில, வாவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிற நகைக்கடை அது. முன்பக்கம் கண்ணாடி, ஏசி, லைட்டு. அங்க நான் நிப்பன், சாரி உடுத்து, சிரிச்சுக்கொண்டு. பின்பக்கம் ஒரு அறை, அதுக்கு ஒரு யன்னல், யன்னலுக்கு அங்கால தண்ணி. அங்க அவ இருப்பா. ஆக்கள் கொண்டந்து விக்கிற பழைய நகையை உருக்குறதுக்கு முதல் துப்புரவாக்கிறதுதான் அவட வேலை. கல்லைக் கழட்டி, அரக்கைச் சுரண்டி, கடைசியா குறட்டால கொக்கிய வெட்டி எடுப்பா. கொக்கியடியில பற்ற வைச்ச பொடி இருக்கும், அது தங்கத்தோட சேந்து உருகினா மாத்துக் குறைஞ்சிடும். அதால கொக்கியள் எல்லாம் வேற, மிச்சத் தங்கம் வேற. காலையில ஒம்பது மணிக்குத் தொடங்கினா பின்னேரம் மட்டும் அவட குறட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

வேலை செய்யக்குள்ள நகையளோட கதைப்பா. மெய்யாத்தான். ஒரு சங்கிலியைத் தூக்கி மூக்குக்குக் கிட்டப் பிடிச்சு, "நீ பவுடர் பூசுற பொம்புளட கழுத்தில கிடந்திருக்காய்" எண்டுவா. இன்னொண்டை எடுத்து, "நீ அடுப்படி" எண்டுவா. எனக்குச் சிரிப்பு வரும். "என்னக்கா, தங்கத்துக்குப் பேய் பாக்கிறயளா?" எண்டு கேப்பன். "ஆருட கழுத்திலயோ கிடந்த சாமான் புள்ள. ஆர் எண்டு கேக்காம எப்பிடி வெட்டுற?" எண்டுவா.

அவட மற்றக் குணத்தைச் சொல்லாட்டி அவவச் சொன்னதாகாது. அவ ஒண்டையும் விடமாட்டா. நானும் லேசுப்பட்ட ஆள் இல்ல, எனக்கும் கோவம் வரும், கத்துவன், சாபம் போடுவன், ரெண்டு நாளில மறந்திடுவன். அவ கத்தவும் மாட்டா, மறக்கவும் மாட்டா.

ஒருக்கா சந்தையில ஒரு மீன்காரன் ஐஸில கிடந்து பழுதாப்போன மணலை மீனை அவவுக்குத் தள்ளிவிட்டிட்டான். வீட்டில தங்கச்சி சுகமில்லாம கிடக்கிறா, அவவுக்குச் சோத்தில ஊத்த ஆணம் காய்ச்ச எண்டு வாங்கின மீன். அடுத்த நாள் நான் நினைச்சன் சந்தையில பெரிய சண்டை நடக்கும் எண்டு. ஒண்டும் இல்ல. அவ போய் அவன்ட பலகைக்கு முன்னால நிண்டா. ஒரு மீனைத் தூக்கினா, செவுளைத் திறந்தா, நல்லா மணந்து பாத்தா, "ம்" எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டா. பக்கத்தில நிண்ட பொம்புளயள் ரெண்டு பேர் மெல்ல அங்கால நகந்திட்டாங்க. அதுக்கு அடுத்த நாளும் அப்பிடி. அதுக்கு அடுத்த நாளும். மூண்டு மாசம்! மழையெண்டாலும் குடையோட வந்து நிண்டு ஒரு மீனைத் தூக்கி மணப்பா. கடைசியில அந்த மனிசன் கையெடுத்துக் கும்பிட்டு, நல்ல கொடுவா ஒண்டைச் சும்மா குடுத்தான். வாங்கினா. வாங்கி, அவன் பாத்துக்கொண்டு இருக்க, அஞ்சாறு துண்டா வெட்டச் சொல்லி, சந்தைப் பூனையளுக்குப் போட்டிட்டு வந்தா. 

"பாவம்கா அவன்" எண்டன்.

"நான் என்ன செய்த? ஏசினனா? அடிச்சனா? நிண்டன். நிக்கக் கூடாதா?" எண்டா.

கோயிலிலயும் இதே பிடிவாதம்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறமாட்டா, ஆனா பரலோக மந்திரத்தில மற்ற ஆக்கள்ட குற்றத்தைப் பொறுக்கிற இடம் வரக்குள்ள வாயை இறுக்கி மூடிக்கொள்ளுவா. அந்த வரி போனாப் பிறகு திரும்பச் சேந்துகொள்ளுவா. ஒருக்கா திருநாளுக்கு என்னையும் அவட ஊர் கல்குடாவுக்குக் கூட்டிக்கொண்டு போனா, அப்ப நான் பக்கத்தில நிண்டு கண்டனான். "சாமி கேட்டா என்ன சொல்லுவயள்?" எண்டு கேட்டன். "பொய் சொல்லிச் செபிக்கிறதை விட இது நல்லம்தானே" எண்டா. எனக்கு அப்பயும் சிரிப்புத்தான் வந்திச்சு. 

இனிக் கடைக் கதைக்கு வாறன். முதலாளி எண்டே சொல்லுறன், வேற ஒரு சொல்லு வாயில வருது, ஆனா பொம்புளப் பிள்ள எழுதுற சொல்லில்ல அது. எங்கட கடை செய்யிற காப்பையும் சங்கிலியையும் கொழும்பில ஒரு கொம்பனி எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிற. அங்கத்த ஆக்கள் சும்மா வாங்கமாட்டாங்களாம். தங்கம் எங்க இருந்து வந்த, ஆரிட்ட இருந்து வாங்கின, நேர்மையா வந்ததா எண்டு கேட்டுத்தான் வாங்குவாங்களாம். அதால நாங்க வாங்குற ஒவ்வொரு பழைய நகைக்கும் ஒரு படிவம் இருக்கு. வித்தவர்ட பேர், விலாசம், அடையாள அட்டைப் பிரதி, இது என்ட சொந்த நகைதான் எண்டு ஒரு கையெழுத்து. இதெல்லாம் ஒழுங்கா நடக்குது எண்டு கொம்பனி ஒரு சான்றிதழும் தந்திருந்தது. முதலாளி அதைத் தங்கச் சட்டம் போட்டு, மாலை போட்டு, கடைக்குள்ள வாற ஆக்கள்ட கண்ணில முதல்ல படுற இடத்தில மாட்டினான்.

அந்தப் படிவங்களை எழுதினது நான்.

உண்மையா விக்க வாற ஆக்கள் எங்களுக்குக் குறைவு. ஹெல்மெட்டைக் கழட்டாம, பைக்கை நிப்பாட்டாம, ஒராள் பைக்கில இருக்க மற்றாள் இறங்கி வருவான். அவனைப் பின் கதவால விடச் சொல்லி முதலாளிட உத்தரவு. அவன்ட பேரை எழுத ஏலுமா? அதுக்கு முதலாளி ஒரு வழி வைச்சிருந்தான். பழுகாமத்தில வயல் செய்யிற ஒரு ஐயா ஒருக்கா வந்து, விதைநெல்லு வாங்க மனிசிட தோட்டை வித்திட்டுப் போனவர். நல்ல மனிசன், கேட்ட உடனே அடையாள அட்டைப் பிரதியைத் தந்தவர். முதலாளி அந்த ஒரு பிரதியை ஒரு கட்டு போட்டோக்கொப்பி அடிச்சு என்ட மேசையில வைச்சான். பின் கதவால வந்த சாமான் எல்லாம் அந்த ஐயாட பேரிலதான். பேப்பரைப் பாத்தா அவர்ட வயல் வட்டையில நெல்லு விளையல்ல, சங்கிலிதான் விளையுது. கையெழுத்தையும் நானே வைப்பன். வைச்சு வைச்சு, அவர் வைக்கிறதை விட வடிவா எனக்கு வந்திச்சு.

எனக்குத் தெரியாது எண்டு சொல்லமாட்டன். பொலிசில அப்பிடிச் சொல்லிப் பாத்தன், நானே நம்பல்ல. ஹெல்மெட் போட்ட ஆம்பிளட கையில பொம்புளச் சங்கிலி எப்பிடி வரும் எண்டு யோசிக்க பெரிய படிப்பு வேணுமா? சம்பளம் வந்திச்சு, போனசு வந்திச்சு, எழுதினன். என்னத்துக்கு அந்தச் சோலி எண்டு இருந்தன்.

மத்தியானச் சோறு நானும் அக்காவும் பின் அறையில ஒண்டா இருந்துதான் தின்னுவம். அவ கொண்டாற மீன் ஆணத்தில தலை எனக்கு. கேக்காமலே எடுத்து என்ட சோத்துப் பாசலில வைப்பா. அப்பிடி ஒரு நாள் தின்னுட்டுக் கை கழுவி வந்து இருக்கக்குள்ள, வெட்டின கொக்கி ரெண்டை என்ட உள்ளங்கையில வைச்சா.

"என்ன வித்தியாசம் சொல்லு பாப்பம்."

பாத்தன். ரெண்டும் கொக்கிதான், ரெண்டு பக்கமும் நாலு வளையம். "விளங்கல்லக்கா."

"நீ உன்ட சங்கிலியைக் கழட்டி விக்கப் போறாய் எண்டு வை. என்ன செய்வாய்? கொக்கியைத் திறப்பாய். திறந்த கொக்கிதான் கடைக்கு வரும். இது பார், பூட்டிக் கிடக்கு. பூட்டிக் கிடக்கிற கொக்கிக்குப் பக்கத்தில வளையம் அறுந்திருக்கு. முன்னால பிடிச்சு இழுத்தா பின்னால கொக்கியடியிலதான் அறும், பற்ற வைச்ச இடமெண்டபடியா."

"தேஞ்சும் அறும்தானே அக்கா."

"அறும். தேஞ்ச வளையம் மெலிஞ்சிருக்கும். இழுத்த வளையம் தடிப்பு மாறாம வாயைப் பிளந்துகொண்டு நிக்கும். தடவிப் பார்." தடவிப் பாத்தன், விரலில குத்திச்சு. "இதுக்கு நீ என்ன எழுதினாய் புள்ள?"

நான் சிரிச்சன். மாதாவே, நான் அப்ப சிரிச்சதை நினைச்சா இப்பயும் உடம்பு கூசுது. "முதலாளி சொன்னதை எழுதினன், பின்ன என்ன" எண்டன்.

அவ ரெண்டு கொக்கியையும் என்ட கையில இருந்து எடுத்தா. "ம்" எண்டா. அடுத்த நாளும் மீன் தலை எனக்குத்தான்.

முதலாளியைப் பத்தி இன்னொண்டு சொல்லவேணும், அவன்ட கேடு அதுக்குள்ளதான் இருந்திச்சு. அவன் களவெடுத்தவனை நம்புவான், வேலைக்காரரை நம்பமாட்டான். நாங்க எங்க ஒரு துண்டை மடிக்குள்ள வைச்சிடுவமோ எண்டு பயம். அதால ஒவ்வொரு நாள் பின்னேரமும் வெட்டின கொக்கியளைத் தானே நிறுத்து, சின்னப் பிளாஸ்டிக் பையில போட்டு, திகதி எழுதி, கையெழுத்து வைச்சு, அக்காட மேசை லாச்சியில போட்டுப் பூட்டுவான். திறப்பு அவன்ட இடுப்பில. அதை உருக்கவும் மாட்டான். கொஞ்சத் தங்கம்தானே, கிடக்கட்டும், விலை ஏறட்டும் எண்டு வைச்சிருந்தான். விலையும் ஏறிக்கொண்டே போகுது, அவன்ட ஆசையும் ஏறிக்கொண்டே போகுது. மூண்டு மாசத்துக்கு ஒருக்கா எல்லாப் பையையும் அவன் கண்ணுக்கு முன்னால கொட்டி, அக்கா திரும்ப நிறுத்துக் காட்டவேணும்.

கொம்பனியால வருசத்துக்கு ஒருக்கா ஆக்கள் வருவாங்க, எல்லாம் ஒழுங்கா நடக்குதா எண்டு பாக்க. வருவாங்க, முன்னுக்கு இருந்து பைலைப் புரட்டுவாங்க, சோடா குடிப்பாங்க, மத்தியானம் முதலாளி வாவி நண்டும் இறாலும் வாங்கிக் குடுப்பான், போயிடுவாங்க. அக்கா வந்து நாலாவது வருசம் ஒரு பொம்புளப் பிள்ள வந்தா. முக்காடு போட்ட, மெலிஞ்ச பிள்ள. சொந்த ஊர் ஓட்டமாவடி, வேலை கொழும்பில. நண்டு வேணாம் எண்டுட்டா. பைலை எடுத்து அரை மணித்தியாலம் வாசிச்சா, ஒண்டும் கேக்கல்ல. மறுகா எழும்பி, "பழைய நகை வெட்டுற இடத்தை ஒருக்காப் பாக்கலாமா சேர்?" எண்டா.

அது வரைக்கும் ஒருத்தரும் கேக்காத கேள்வி. முதலாளி கொஞ்சம் யோசிச்சான், பிறகு நெஞ்சை நிமித்திக்கொண்டு கூட்டிக்கொண்டு போனான். நானும் பைலைத் தூக்கிக்கொண்டு பின்னால போனன். 

"எங்கட கடையில ஒரு குண்டுமணி அளவு தங்கமும் களவு போக ஏலா மிஸ்" எண்டு சொல்லி, இடுப்பில இருந்து திறப்பை எடுத்து, லாச்சியைத் தானே திறந்தான். ஆரும் கேக்கல்ல, அவனாத் திறந்தான்! "பாருங்க. ஒவ்வொரு நாளைக்கும் ஒவ்வொரு பை. திகதி என்ட கையால எழுதினது. இது என்ட கையெழுத்து. இந்தத் திறப்பு நித்திரையிலயும் என்ட இடுப்பை விட்டு இறங்காது."

"நல்ல ஒழுங்கு சேர்" எண்டா அந்தப் பிள்ள.

அப்பதான் அக்கா குறட்டைக் கீழ வைச்சா. "தங்கச்சி, கோவிக்காதயுங்க. உங்கட கழுத்தில சங்கிலி கிடந்தா ஒருக்காக் கழட்டித் தாறயளா?"

அந்தப் பிள்ள முதலாளியைப் பாத்தா, என்னைப் பாத்தா, பிறகு முக்காட்டுக்குள்ள கையை விட்டுக் கழட்டி மேசையில வைச்சா.

"கொக்கி எப்பிடிக் கிடக்கு?"

"திறந்து கிடக்கு."

"இனி இதைப் பாருங்க." அக்கா ஒரு பையைக் கிழிச்சுக் கொட்டினா. பிறகு ஒண்டு. பிறகு ஒண்டு. எல்லாம் பூட்டின கொக்கி. வாயைப் பிளந்த வளையங்கள். திகதியை வாசிச்சு வாசிச்சுக் கொட்டினா, அவசரமே இல்ல. அந்தப் பிள்ளைக்கு விளங்கிட்டு. ஒரு கொக்கியைத் தூக்கிப் பிடிச்ச கை அப்பிடியே நிண்டிச்சு.

"பழைய சங்கிலி அறும்தானே மிஸ், அறுந்ததைத்தானே ஆக்கள் விக்கிற" எண்டான் முதலாளி. ஏசிக்குள்ளயே இருந்து பழகின மனிசன், நெத்தி எல்லாம் வேர்வை. அந்த முகத்தைப் பாக்க எனக்கு ரெண்டு கண் போதாம இருந்திச்சு. எத்தினை நாள் எங்கட கைப்பையைத் தட்டிப் பாத்திருப்பான்! வேணுமடா உனக்கு எண்டு மனசுக்குள்ள சொன்னன்.

அக்கா எனக்குச் சொன்னதையே அவவுக்கும் சொன்னா, தேஞ்சது இது, இழுத்தது இது எண்டு. பிறகு லாச்சிட அடியில இருந்து ஒரு பையை எடுத்தா. அதை மட்டும் கிழிக்கல்ல, மெல்லப் பிரிச்சா. தன்ட கைப்பைக்குள்ள இருந்து பொலித்தீன் உறை போட்ட ஒரு கடைப் பில்லை எடுத்துப் பக்கத்தில வைச்சா.

"இது குவைத் சங்கிலிட கொக்கி. இதில அரபில என்னமோ அடிச்சிருக்கு. எனக்கு வாசிக்கத் தெரியா. உங்களுக்குத் தெரியும்தானே."

அந்தப் பிள்ள கொக்கியை வெளிச்சத்துக்குப் பிடிச்சா, பில்லைப் பாத்தா, திரும்பக் கொக்கியைப் பாத்தா. "ரெண்டிலயும் ஒரே கடைட பேர்தான் அக்கா."

"என்ட தங்கச்சி அங்க நாலு வருசம் பிள்ள பாத்து, அந்தக் காசில வாங்கின சங்கிலி. ஊருக்கு வந்து ஒரு மாசம் ஆகல்ல. பின்னேரம் நவநாள் பூசைக்குச் சைக்கிளில போனவ. ரெண்டு பேர் பைக்கில வந்து இழுத்தவங்க, சங்கிலி அறும் மட்டும் இழுத்துக்கொண்டு போனவங்க. மதகில தலை அடிபட்டு, இண்டைக்கு வரைக்கும் ஒரு பக்கம் வழங்காது, கதையும் ஒழுங்கா வராது. அந்தப் பையில சேர் என்ன திகதி எழுதியிருக்கார் எண்டு வாசியுங்க."

அந்தப் பிள்ள வாசிச்சா.

"அதுக்கு முதல் நாள்தான் அவ விழுந்தவ" எண்டா அக்கா.

அந்த நேரம்தான் எனக்கு ஒவ்வொண்டா விளங்கினது. நல்ல கைவேலைக்காரி வாழைச்சேனையில ஒரு கடை, செங்கலடியில ஒரு கடை எண்டு ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஏன் மாறித் திரிஞ்சா எண்டு நாங்க பின்னால கதைச்சிருக்கம். சம்பளம் பத்தாதாக்கும், வாய்க்காரியாக்கும் எண்டெல்லாம் சொல்லியிருக்கம். அவ கொக்கி தேடித் திரிஞ்சிருக்கா. எங்கட கடைக்கு வந்து மூண்டாம் மாசம், முதல் தரம், அவவுக்கு முதல் இருந்த ஆள் வெட்டின பழைய பையளையும் சேத்து நிறுக்கக்குள்ளயே கண்டிருக்கா. கண்டும் முகத்தில ஒண்டும் காட்டாம நிறுத்துத் திரும்பப் பைக்குள்ள போட்டிருக்கா. பொலிசுக்குப் போனா முதலாளி ஒரு கோல் எடுப்பான், லாச்சி அண்டைக்கே அடுப்புக்குள்ள போகும் எண்டு அவவுக்குத் தெரியும். அவன் பயப்பிடுறது அந்தக் கொம்பனிக்கு மட்டும்தான். அதால கொம்பனி ஆள் வரும் மட்டும், பின் அறைக்குள்ள காலை வைக்கிற ஒராள் வரும் மட்டும், நாலு வருசம் இருந்திருக்கா.

முதலாளி உடனே கட்சி மாறினான். "எனக்கு இதொண்டும் தெரியா மிஸ். ஆர் வித்த எண்டு பைலில இருக்கும். எழுதுறதெல்லாம் இந்தப் பிள்ளதான்."

அக்கா இருக்கிறா, அக்கா சொல்லுவா எண்டு அவவப் பாத்தன். ஒரே பாசலில கை வைச்சுத் தின்ன ஆக்கள் நாங்க.

"இந்தப் படிவம் எல்லாம் ஆர் அக்கா எழுதின?" எண்டு அந்தப் பிள்ள கேட்டா.

"இவ" எண்டா அக்கா. "பழுகாமத்து ஐயாட கையெழுத்தும் இவதான்."

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். கொம்பனி அண்டைக்கே சாமான் எடுக்கிறதை நிப்பாட்டினது. அடுத்த கிழமை பொலிஸ் வந்து பின் அறையைப் பூட்டினது. சான்றிதழைச் சட்டத்தோட கழட்டிக்கொண்டு போனாங்க, மாலை மட்டும் ஆணியில தொங்கிச்சு. கழுத்தில தழும்போட பொம்புளயள் எங்கெங்க இருந்தெல்லாமோ பொலிசுக்கு வந்தாங்க, தங்கட கொக்கி கிடக்கா எண்டு பாக்க. முதலாளி உள்ளுக்குப் போனான், பிணையில வந்தான், கடை இண்டைக்கும் பூட்டித்தான் கிடக்கு. அவன் என்ட தலையில எல்லாத்தையும் கட்டப் பாத்தான், நான் விடுவனா? பின் கதவு, ஹெல்மெட், போட்டோக்கொப்பி, எல்லாத்தையும் ஒண்டும் விடாமச் சொன்னன். கட்டையில போவான், நல்லா அலையட்டும். ஆனா வழக்கில என்ட பேரும் இருக்கு. தவணைக்குத் தவணை நானும் போய்க் கோட்டு வாசலில நிக்கன். அந்த ஐயாவும் பழுகாமத்தில இருந்து பஸ் ஏறி வந்து நிக்கார், என்னைக் கண்டா துப்பிப்போட்டு அங்கால திரும்புவார்.

முதலாளியில இருந்த கோவத்தை விட அக்காவிலதான் எனக்குக் கூடக் கோவம். அவன் கள்ளன், காட்டிக் குடுப்பான். நீ ஏன் குடுத்தாய்? ரெண்டாம் தவணை முடிஞ்ச அண்டைக்கு, கோட்டில இருந்து நேர வாழைச்சேனை பஸ் ஏறி, கல்குடாவுக்குப் போனன். அவவ நாலு கேள்வி கேக்காம வாறதில்ல எண்டுதான் போனன். அவ வீட்டு முத்தத்தில மீன் வெட்டிக்கொண்டு இருந்தா.

"நான் உங்களுக்கு என்ன செய்தன் அக்கா?" எண்டு கேட்டன். கேக்கக்குள்ளயே அழுகை வந்திட்டு. "நாலு வருசம் ஒண்டா இருந்து தின்னம். ஒரு சொல்லு சொல்லியிருந்தா நான் அந்த வேலையை விட்டிருப்பனே."

அவ கையைக் கழுவினா. "கொக்கியை உன்ட கையில வைச்சுக் கேட்டன். நீ சிரிச்சாய்."

"எனக்கு உங்கட தங்கச்சிட கதை தெரியாதே!"

"ஆருட தங்கச்சி எண்டு தெரிஞ்சாத்தான் பிழையா?" குரலை உயத்தல்ல. "பைல் எல்லாம் தூசு தட்டித் தரச் சொல்லி ஒருக்கா நீதான் என்னைக் கேட்டாய். அந்தத் திகதியில என்ன கிடக்கு எண்டு பாத்தன். என்ட தங்கச்சிட சங்கிலிக்கு நீ ஒரு படிவம் எழுதியிருக்காய். பழுகாமத்து ஐயா, சொந்த நகை, மனிசிட எண்டு. ஒரு எழுத்துப் பிழை இல்ல. அதுக்குப் பிறகுதான் நான் உனக்கு மீன் தலை வைக்கத் தொடங்கின."

"அப்ப ஏன் வைச்சயள்?"

"நீ எங்கயும் போகாம இருக்கோணுமே" எண்டா.

அவ உள்ளுக்குக் கையைக் காட்டினா. "என்னிட்ட என்ன கதை? அவ முழிச்சுத்தான் கிடக்கிறா. போய் அவளிட்டச் சொல்லு, நீதான் எழுதின எண்டு."

போகாம ஓடி வந்திருக்கலாம். வேலிப் படலை திறந்துதான் கிடந்திச்சு. ஏன் உள்ள போனன் எண்டு தெரியல்ல, போனன். கட்டிலில அந்தப் பிள்ள சாஞ்சிருந்தா, என்ட வயசுதான் இருக்கும். கழுத்தில ஒண்டும் இல்ல. சொன்னன். முழுக்கச் சொன்னன், மூக்கைச் சீறிச் சீறி. அவ கேட்டுக்கொண்டு இருந்தா. வாய் கோணி, சொல்லு சொல்லா இழுத்து, கோவமே இல்லாம ஒண்டு கேட்டா.

"எத்தினை... பேருக்கு... எழுதினயள்?"

"தெரியாது தங்கச்சி. நான் எண்ணல்ல."

"எண்ணுங்க."

அக்கா பின்னால வந்து ஒரு கதிரையை வைச்சா. "இரு புள்ள" எண்டா. "கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கு. முதல் ஆளில இருந்து சொல்லு."

நான் இருந்தன். முதல்ல வந்தது ஒரு சின்னச் சங்கிலி, சிலுவை கோத்தது. அதில இருந்து தொடங்கினன்.